பழைய வாடிக்கையாளருக்கு ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை: பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றலாமா?

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரே பிராட்பேண்ட் கம்பெனியில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்னைவிடக் குறைந்த விலையில் இரண்டு மடங்கு வேகம் தருகிறார்கள். மாறிவிடலாமா? இத்தனை வருடம் இருந்ததற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பதில்:

வாய் திறந்து கேட்காதவரை ஒரு மதிப்பும் கிடையாது. ஒன்பது வருடம் சண்டை சச்சரவு இல்லாமல், தேதி தவறாமல் பில் கட்டியிருக்கிறீர்கள் என்றால், "இவர் எங்கேயும் போக மாட்டார்" என்றுதான் அவர்கள் கணக்கில் இருக்கும். போகாதவருக்கு யார் தள்ளுபடி தருவார்கள்?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்று இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எந்தக் கம்பெனியோடும் உறவும் இல்லை, பகையும் இல்லை. "பிஎஸ்என்எல் இருக்கும்போது தனியாரா?" என்று வரப்போகிறவர்களுக்கு: என் அப்பா டெலிபோன் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த உபதேசத்தை எல்லாம் சாப்பாட்டு வேளைகளில் கேட்டு முடித்துவிட்டேன். "மாதம் நூறு இருநூறுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்பவர்களுக்கு: ஆமாம். வருடக் கணக்கில் பார்த்தால் அது ஒன்றிரண்டு கேஸ் சிலிண்டர் காசு.

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அதனாலோ என்னவோ, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் விலைக்கு முன்னால் அதன் காலடியில் இருக்கும் நட்சத்திரக் குறிதான் என் கண்ணில் படும். 399 என்று போட்டிருந்தால் 18 சதவீத வரி சேர்த்து 470 ரூபாய் 82 காசு. 499 என்றால் 588.82. 999 என்றால் 1,178.82. நீங்கள் உங்கள் பில் தொகையை ஒரு பக்கமும் அவர்களுடைய விளம்பரத் தொகையை இன்னொரு பக்கமும் வைத்துத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வரியைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும்.

இந்த விலைப்போர் நடந்த விதம் தெரிந்தால் உங்கள் நிலைமை புரியும். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் கட்டணங்களை அறிவித்தபோது ஆரம்ப பிளானே 699 ரூபாய். 100 எம்பிபிஎஸ் வேகம், ஆனால் மாதத்துக்கு 100 ஜிபியும் மேலே கொஞ்சமும்தான். மறு வருடம் கொரோனா, ஊரே வீட்டுக்குள். அதே 699 பிளான் அன்லிமிடெட் ஆனது, அதற்கும் கீழே 399க்கு 30 எம்பிபிஎஸ் என்று ஒன்று வந்தது. சில நாட்களில் ஏர்டெல் 499க்கு 40 எம்பிபிஎஸ் என்று இறங்கியது. அக்டோபரில் பிஎஸ்என்எல்லும் 449க்கு 30 எம்பிபிஎஸ் கொடுத்தது. (அன்லிமிடெட் என்றாலும் 3,300 ஜிபி என்று ஒரு கோடு உண்டு. வீட்டு உபயோகத்தில் அதைத் தொடுகிற ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை.) சில கம்பெனிகள் பழையவர்களையும் தாங்களாகவே புது பிளானுக்கு ஏற்றிவிட்டன. நான் இருந்த கம்பெனி அந்த ரகம் இல்லை. பெயர் வேண்டாம்.

நான் அப்போது 999 பிளான், 50 எம்பிபிஎஸ். ஒருநாள் காலையில் பேப்பருக்குள்ளிருந்து நோட்டீஸ் விழுந்தது. அதே கம்பெனி, 799 ரூபாய், 100 எம்பிபிஎஸ். உடனே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, "அது நியூ கஸ்டமர்ஸ்க்கு மட்டும் மேடம்" என்றாள்.

"அப்போ இதைத் துண்டிச்சுட்டு எங்க வீட்டுக்காரர் பேர்ல புதுசா எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கலாம் மேடம். ஆனா அதே அட்ரஸ்னா மூணு மாசம் கழிச்சுத்தான் எடுக்க முடியும்."

இதற்குக்கூட ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு முன்னால் எத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும்!

துண்டிக்கச் சொல்லி மெயில் போட்டேன். இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். காரணம் என்று கேட்ட இடத்தில் "விலை" என்று மட்டும் எழுதினேன். "சர்வீஸ் சரியில்லை" என்று எழுதினால் டெக்னீஷியனை அனுப்புவார்கள். "வீடு மாறுகிறோம்" என்று எழுதினால் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விலை என்று எழுதினால்தான் விலை குறைக்கிற அதிகாரம் உள்ள ஆள் கூப்பிடுவார்.

மறுநாளே வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். ரிடென்ஷன் டீமாம், போகிறவர்களைப் பிடித்து நிறுத்துகிற பிரிவு. இவருக்கு எங்கள் ஜாதகமே தெரிந்திருந்தது. "இத்தனை வருஷமா எங்க வேல்யூட் கஸ்டமர் நீங்க, ஏன் மேடம் போறீங்க?" நேற்று வரை இந்த வேல்யூ எங்கே போயிருந்தது என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. ஓடிடி சேர்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம். ஒரு மாதம் இலவசம் என்றார். வேண்டாம். நோட்டீஸில் போட்ட விலை, நோட்டீஸில் போட்ட வேகம், அவ்வளவுதான் என்றேன். "லைன்ல இருங்க மேடம்." பாட்டு ஓடியது. திரும்பி வந்து 799, 100 எம்பிபிஎஸ், பன்னிரண்டு மாதத்துக்கு என்றார். அதன் பிறகு பழைய விலை. காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன். அடுத்த வருடமும் இதே நாடகம்தான். நான் கஸ்டமர் கேருக்கு போன் போட்டாலே எங்கள் வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பெருமையாகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், கொஞ்சம் பெருமைதான்.

கிளம்புகிறவருக்கு மட்டும் தனி விலை என்பது ஒன்றும் ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை. செல்போன் பக்கம் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தரும் சலுகைகளின் விவரத்தை எங்களிடம் கொடுங்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் உத்தரவு போட்டது. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அதை எதிர்த்துப் போனார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், டிராய்க்கு விவரம் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் டிராய் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்குப் படிந்தார் என்பது அவரே வாய் திறந்தால்தான் உங்களுக்குத் தெரியும். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளத்தைக் கேட்டால்தான் தப்பு, நெட் பில்லைக் கேட்டால் ஒன்றும் இல்லை.

லண்டனில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது அங்கேயும் இதே கதைதான் என்றாள். 2018இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு அங்கே வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தது. பிராட்பேண்ட், மொபைல், வீட்டு இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு என்று ஐந்து துறைகளிலும் மாறாமல் இருந்த வாடிக்கையாளர்கள் வருடத்துக்கு சுமார் 400 கோடி பவுண்ட் கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று. 2020 பிப்ரவரியிலிருந்து, ஒப்பந்தம் முடியப் போகிறது, எங்களிடம் இருக்கும் நல்ல விலை இது என்று கம்பெனியே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று ஆக்கினார்கள். 2024 செப்டம்பரிலிருந்து புதுக் கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும், பழையதை அவர்களே முடித்துக்கொள்வார்கள். நமக்கு செல்போனில் 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி இருக்கிறது. வீட்டு பிராட்பேண்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பழையதைத் துண்டிப்பதும் உங்கள் பாடு, புதியதை இழுப்பதும் உங்கள் பாடு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெட் கம்பெனியாவது பரவாயில்லை, பேங்க்காரர்கள் இதைவிட மோசம். 2019 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு இணைக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்துக்கு வந்தது. புதிதாகக் கடன் வாங்கிய எதிர்வீட்டுக்காரருக்கு வட்டி மளமளவென்று இறங்கியது. என் கடனோ பழைய கணக்கிலேயே கிடந்தது. போய்க் கேட்டால் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நீங்க கேட்கவே இல்லையே மேடம்" என்கிறார். மாற்றுவதற்குக் கட்டணம் வேறு! ஒரு தவணை தவறியிருந்தால் மட்டும் நான் கேட்காமலேயே போன் வந்திருக்கும்.

சரி, நெட்டுக்கு வருவோம். இவ்வளவு வாய் பேசுகிற நான் கடைசியில் அந்தக் கம்பெனியை விட்டதற்குக் காரணம் விலை இல்லை, எங்கள் லைன்மேன் தம்பி.

ஒரு மாதம் 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்துக்குக் கடைசி நாள். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், அதுவும் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக. அன்றைக்குப் பார்த்து ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது. கஸ்டமர் கேரில் "டிக்கெட் போட்டாச்சு மேடம், 48 மணி நேரத்துல சரியாகும்" என்றார்கள். லைன்மேன் தம்பியை நேராகக் கூப்பிட்டேன். "அக்கா, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுறப்ப இழுத்துட்டாங்கக்கா, உங்க தெருதான் பாக்கி, வந்துடறேன்" என்றார். வந்தார். காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்து, ஒயரின் தோலை உரித்து, தலைமுடி மாதிரி இருந்த கண்ணாடி இழையை ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவில் துடைத்து, மெஷினில் வைத்து ஒட்டினார். நெஞ்சுயரத்தில் ஒரு மீட்டரைப் பிடித்துக் காட்டினார். "முன்னாடியே உங்களுக்கு மைனஸ் 28 கிட்ட இருந்திருக்குக்கா, அதான் அப்பப்ப விட்டுவிட்டு வந்திருக்கு. இப்ப பாருங்க, மைனஸ் 20." பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வெளிச்சம் வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தமாம். மைனஸ் 27ஐத் தாண்டினால் தகராறுதான். நாலு மணிக்கு நெட் வந்தது. எட்டு மணிக்குள் எல்லாக் கடைக்கும் தாக்கல் செய்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் எங்கள் பகுதியில் லைன் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டருக்கும் அந்தக் கம்பெனிக்கும் கமிஷன் தகராறு. ஆபரேட்டர் வேறு கம்பெனிக்குப் போனார், தம்பியும் கூடப் போனார். அதே ஆள், அதே பைக், சட்டையில் மட்டும் வேறு பெயர். மாதாமாதம் 50 ரூபாய் அதிகம். விலைக்காக அவ்வளவு மல்லுக்கட்டியவள் 50 ரூபாய் கூடக் கொடுத்துப் போனாளா என்று கேட்பீர்கள். போனேன். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் போனார்கள். பழைய கம்பெனியின் ரிடென்ஷன் ஆள் இந்த முறை என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். "உங்க லைன்மேன் யாரு?" என்று மட்டும் கேட்டேன், "எங்க டீம் பார்த்துக்கும் மேடம்" என்றார். அந்த டீமை நான் பார்த்ததே இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் தெருவில் ஒயர் அறுந்தால் எந்தக் கம்பெனிக்கு யார் வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்று நாலு வீட்டில் விசாரியுங்கள். ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் வேகம் எப்படி என்றும் கேளுங்கள், பகல் பதினொரு மணிக்கு எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். பெருநகரத்து அப்பார்ட்மென்ட்டில் இருந்தால் இது அப்படியே பொருந்தாது, அங்கே அசோசியேஷன் யாரை உள்ளே விடுகிறதோ அதுதான் கம்பெனி.

இரண்டு மடங்கு வேகம் நிஜமாகவே உங்களுக்கு வேண்டுமா என்றும் பாருங்கள். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 15லிருந்து 25. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 50 தாராளம். படுக்கையறையில் மெதுவாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வைஃபை கோளாறு. ஒரு லேன் ஒயரை மடிக்கணினியில் செருகி வேகத்தைப் பாருங்கள், அங்கே முழுசாக வந்தால் கம்பெனி மாறியும் படுக்கையறை மாறப் போவதில்லை.

மாறுவது என்று முடிவு செய்தால், இன்ஸ்டலேஷன் இலவசம் என்பதற்காக ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். கட்டிய பிறகு துண்டிக்கிறேன் என்று மிரட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால், லேண்ட்லைன் எண் போய்விடும் என்பதைச் சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புதியது ஒரு வாரம் ஓடிய பிறகு பழையதைத் துண்டியுங்கள். பழைய பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டெபாசிட் வராது. அப்புறம், தீபாவளி வாரத்தில் மட்டும் மாறாதீர்கள். லைன்மேன்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள்.