தலையோடு மண்டை ஓடு: இறந்தவரா, பெயரா?

கேள்வி: மெக்சிகோவின் வெஷோத்சிங்கோ பகுதியில் 1560இல் எழுதிய மக்கள் பதிவேட்டின் நகலைப் படித்துவருகிறேன். வரிசையாக ஆண்களின் தலைகள், ஒவ்வொன்றோடும் ஒரு சிறு படம், பக்கத்தில் லத்தீன் எழுத்தில் பெயர். ஒருவருக்கு மண்டை ஓடு வரைந்திருக்கிறார்கள். இறந்தவர் என்று குறித்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது அவருடைய பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அஸ்டெக்குகளும் அந்தப் பகுதி மக்களும் பேசிய மொழி நாவாட்ல். அந்த மக்களின் நாள்காட்டியில் உள்ள 20 நாட்குறிகளில் மிகிஸ்த்லி, அதாவது சாவு, ஒன்று. அதன் படம் மண்டை ஓடு. பிறந்த நாளின் குறியைப் பெயராக வைப்பது அங்கே சாதாரணம். முயல், மலர், பாம்பு எல்லாம் அப்படி வந்தவைதான். நாட்பெயரோடு 1 முதல் 13 வரை ஓர் எண்ணும் சேரும். ஆனால் ஸ்பானியக் காலனிக் காலத்தில் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படத்தில் எண்ணைக் காட்டும் புள்ளிகள் இல்லாதபோது நீங்களாக எண் சேர்க்க வேண்டாம்.

சரி, உறுதிசெய்வது எப்படி? எழுத்தை முதலில் படியுங்கள். தோமிங்கோ, ஹுவான் போன்ற ஞானஸ்நானப் பெயரைத் தாண்டி வரும் நாவாட்ல் பெயருக்குத்தான் பொதுவாகப் படம் இருக்கும். எழுத்துக்கூட்டல் ஒரே சீராக இருக்காது; அசையின் இறுதியில் வரும் 'ன்' அடிக்கடி காணாமல் போகும். ஸ்பானியத் துறவி மோலினாவின் 1571 நாவாட்ல் அகராதியில் தேடும்போது இதை மனதில் வையுங்கள்.

அப்புறம் படம். சிலவற்றைப் பொருளாகவே படிக்கலாம்: கழுகின் அலகுக்கு முன்னால் ஒரு சுருள் இருந்தால் அது பேச்சு, பெயர் குவாவ்த்லாத்தோவா, 'பேசும் கழுகு'. சிலவற்றை ஒலியாக மட்டுமே படிக்க முடியும். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் மெந்தோசாவின் (Mendoza) பெயருக்கு ஒரு கற்றாழையையும் வளை தோண்டும் எலி போன்ற ஒரு பிராணியையும் வரைந்தார்கள். கற்றாழை 'மெத்ல்', பிராணி 'தோசான்'. இரண்டையும் வெட்டி ஒட்டினால் 'மெ-தோசா'. நாவாட்லில் 'd' ஒலி கிடையாது, அதனால் இதுவே போதுமானதாக இருந்தது. அவருக்கும் கற்றாழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

கொடியைக் கண்டால் கூடுதல் கவனம். எண்ணிக்கையில் வந்தால் அது 20. பெயரோடு ஒட்டி வந்தால், கொடிக்கான நாவாட்ல் சொல்லிலிருந்து எடுத்த 'பான்' என்ற ஒலியாக இருக்கலாம். தலையையும் படத்தையும் இணைக்கும் மெல்லிய கோடு இருந்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும்.

எழுத்தும் படமும் முரண்பட்டால் எழுத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டேன். எழுதியவரும் வரைந்தவரும் வேறு ஆட்களாக இருந்திருக்கலாம். அதே பதிவேட்டில் வேறு மண்டை ஓடுகளைத் தேடி, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் குறிப்பில் கண்ட படத்தை ஒரு பத்தியிலும் உங்கள் வாசிப்பை வேறொரு பத்தியிலும் எழுதி வையுங்கள்.