பாம்படம் யாருடையது?

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற பாட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பாட்டியும் தாத்தாவும் இப்போது இல்லை. பாட்டி காதில் தொங்கவிட்டிருந்த தங்கப் பாம்படம் ஒரு ஜோடி பீரோவில் சும்மா கிடக்கிறது. அதை உருக்கி மகளுக்கு நெக்லஸ் செய்யலாம் என்றேன். அன்றிலிருந்து அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காதைத் தொங்கவிட்டுத் திரிந்த காலத்து அசிங்கத்தை எதற்கு இன்னும் கட்டிக் காக்க வேண்டும்?
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: 'அசிங்கம்' என்ற சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள். பச்சைப் பிள்ளையில் காது குத்தி, துளையில் பஞ்சுத்திரியும் ஓலைச்சுருளும் செருகி, பிறகு கனத்த குணுக்கு மாட்டி வளர்த்த காது அது. வலி பொறுத்தது உங்கள் பாட்டி.

தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் பாம்படக்காது ஆச்சி ஒருவர் இருந்தார். அடிபம்பில் அவர் தண்ணீர் அடிக்கும்போது இரண்டு பாம்படமும் கன்னத்தில் மோதி மோதி ஆடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் காது வெறுமையாகிவிடும். பாம்படம் அடகுக்கடையில் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். தீபாவளி நெருங்கும்போது திரும்பக் காதேறும். யாரிடமும் கையேந்தாமல் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

உங்கள் வீட்டுப் பாம்படத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உருண்டையும் கட்டமும் தகடுமாகப் பற்றவைத்த துண்டுகள். உள்ளே கெட்டித் தங்கம் இராது. மெல்லிய தகட்டில் வடிவம் எடுத்து, நசுங்காமலிருக்க அரக்கு நிரப்பியிருப்பார்கள். அந்தக் கைவேலை தெரிந்த பத்தர்கள் இன்று அரிது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோதே எத்தனையோ பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். உருக்கிய பிறகு மனம் மாறினால் யாரிடம் போய்ச் செய்யச் சொல்வீர்கள்?

கணக்கும் பாருங்கள். 5 சவரன் நெக்லஸ் என்றால் 40 கிராம். சேதாரம் 12 விழுக்காடு என்று வைத்தாலே 4.8 கிராம், அரைச் சவரனுக்கு மேல் போச்சு. அதற்கு மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. பழைய நகையில் அரக்குக்கு வேறு கழிப்பார்கள். என் அம்மாவின் பாம்படத்தை விற்கப் போனபோது ஒரு கடையில் கண்ணளவிலேயே 'அரக்கு இவ்வளவு' என்று கழித்தார்கள். விவரம் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றும் ஆறவில்லை. நீங்கள் விற்பதானால், உங்கள் கண்ணெதிரே அரக்கை இறக்கிய பிறகுதான் தராசில் வைக்கவிட வேண்டும். தரத்தை முன்கூட்டியே ஹால்மார்க் மையத்தில் சோதித்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான். பாட்டி உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நகை அவர் பெற்ற பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகச் சேரும். அம்மா உயிரோடு இருக்கையில் பேரனாகிய உங்களுக்கு அதில் ஒரு குந்துமணி கிடையாது. அவரும் உடன்பிறந்தவர்களும் மனமுவந்து கொடுத்தால் உருக்குங்கள், இல்லையேல் பீரோவிலேயே இருக்கட்டும்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். பாட்டி அதைக் கழற்றியது எப்போதெல்லாம், யாருக்காக என்று கேளுங்கள்.