627001 பகா எண்ணா?

திருநெல்வேலித் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 627001. ஒற்றைப்படை எண், 3-ஆலும் வகுபடவில்லை, அப்படியென்றால் பகா எண்தானே என்பது கேள்வி.

இல்லை. ஆனால் லேசில் பிடிபடாத எண். 792-இன் வர்க்கம் 627264, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது; எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டாவது 792-க்குக் கீழே இருக்கும். அதனால் 791 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். ஜங்ஷனில் பாபநாசம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு கவரின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 7, 11, 13 என்று 67 வரை எதுவும் சேரவில்லை. 71-இல் பிடி கிடைத்தது: 8800 தடவை 71 என்றால் 624800. மீதி 2201, அது சரியாக 31 தடவை 71. ஆக, 627001 = 71 × 8831. இந்த 8831 பகா எண், இனி உடையாது.

வகுத்திகள், அதாவது மீதியின்றி வகுக்கும் எண்கள், நாலே நாலு: 1, 71, 8831, 627001. தன்னை விட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 8903தான் வரும். இந்தக் கூடுதல் எண்ணைவிடக் குறைவு, எனவே குறை எண். ஒன்றே ஒன்று குறைத்து 627000 என்று பாருங்கள், 128 வகுத்திகள், தன்னை விட்டு மற்றவற்றின் கூடுதல் எண்ணையே மிஞ்சும், அதாவது மிகை எண்! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

அப்புறம் இன்னொன்று. 627001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் போலத் தோன்றும். முடியாது. 71, 8831 இரண்டுமே 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றையாக வந்தாலே அந்த வழி அடைபட்டுவிடும்.