மயில்துத்த வாளியில் மூன்று வினைகள்

வணக்கம் சார்,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மெக்னீசியம் நாடா எரிவதைச் சேர்க்கை வினை என்று வகுப்பில் படித்திருக்கிறாள். வீட்டில் இருக்கும் வழிகாட்டி நூலில் அதே வினை ஆக்சிஜனேற்றம் என்று இருக்கிறது. “எதைம்மா எழுதுறது?” என்கிறாள். நான் பி.காம். படித்தவள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாவதிலும் ஆக்சிஜனேற்றம் இருக்கிறதாம். அதில் ஆக்சிஜனே இல்லையே? எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதற்கு ஏன் ஒடுக்கம் என்று பெயர்? வாங்கினால் கூடத்தானே வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இரண்டு புத்தகமும் சரி. ஒரே ஆள் உங்களுக்கு அண்ணனாகவும் ஊருக்குக் கொத்தனாராகவும் இருக்கலாம். அவர் அண்ணனா, கொத்தனாரா என்று யாரும் கேட்பதில்லை. சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி என்பவை, யார் யாரோடு சேர்ந்தார், யார் பிரிந்தார் என்று பார்த்து வைத்த பெயர்கள். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்பவை, எலக்ட்ரான் கைமாறியதா என்று பார்த்து வைத்தவை. கேள்வியே வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் வரிசையாக எழுதிப் படிக்க வைப்பதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு இது விளங்கியது பள்ளிக்கூடத்தில் இல்லை, எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில். வாடல் நோய்க்கு அப்பா போர்டோ கலவை தயாரிப்பார். திராட்சைக் கொடியில் வரும் பூஞ்சை நோய்க்காக, பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885இல் வெளியிட்ட மருந்து அது. நூறு லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம் (அதாவது காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. செய்வதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் உங்கள் மகளின் பாடத்தில் பாதி அதற்குள் இருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீறும். கால்சியம் ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. இது சேர்க்கை வினை. இத்தனை சூடு வந்தும் ஒரு எலக்ட்ரான்கூடக் கைமாறவில்லை. எலக்ட்ரானைக் கொடுத்தால் கூடும், வாங்கினால் குறையும் எண்ணுக்கு ஆக்சிஜனேற்ற எண் என்று பெயர். அந்த எண் கால்சியத்துக்கு முன்பும் +2, பின்பும் +2. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அப்படியே. மெக்னீசியம் எரிவதும் சேர்க்கைதான், ஆனால் அங்கே மெக்னீசியம் 0இலிருந்து +2க்குப் போகிறது, ஆக்சிஜன் 0இலிருந்து −2க்கு இறங்குகிறது. இரண்டும் சேர்க்கை வினைதான், ஒன்றில் மட்டும்தான் ஆக்சிஜனேற்றம். மகளை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் சுண்ணாம்புப் பாலில் மயில்துத்தக் கரைசலை ஊற்றுவார் அப்பா. வான நீலத்தில் கூழ் போலத் திரளும். காப்பரும் கால்சியமும் ஜோடி மாறிக்கொள்கின்றன, அதாவது இரட்டை இடப்பெயர்ச்சி. காப்பர் இங்கேயும் +2 ஆகவே இருக்கிறது, எனவே ஆக்சிஜனேற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை. இரட்டை இடப்பெயர்ச்சி எப்போதும் இப்படித்தான்.

கடைசியில்தான் எனக்குப் பிடித்த இடம். பளபளப்பாகத் தீட்டிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்ப்பார், படிவது நிற்கும் வரை. மீந்து நிற்கும் காப்பர் அயனிக்கு இரும்பு அணு ஒன்று இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போகிறது. வாங்கிக்கொண்ட காப்பர் உலோகமாகிக் கத்தியில் ஒட்டுகிறது. ஒற்றை இடப்பெயர்ச்சி, கூடவே இரும்புக்கு ஆக்சிஜனேற்றம், காப்பருக்கு ஒடுக்கம். இந்தக் கலவையை இரும்பு வாளியில் தயாரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

அங்கே எந்த ஆக்சிஜனும் வந்து ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். பெயர் வைத்த காலத்தில் எலக்ட்ரானை யாருக்கும் தெரியாது. ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த லவாய்சியே 18ஆம் நூற்றாண்டுக்காரர். தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897இல். உலோகம் ஆக்சிஜனோடு சேரும்போது உண்மையில் நடப்பது எலக்ட்ரான் இழப்பு என்று பிறகு புரிந்தது. அதே இழப்பு குளோரினிடம் நடந்தாலும் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். சோடியம் குளோரினுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒடுக்கம் உலை வேலையிலிருந்து வந்த கருத்து. 100 கிலோ ஹேமடைட் தாது, அது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், உருக்கினால் 70 கிலோ இரும்புதான் தரும். ஆக்சிஜன் வெளியேறுவதால் எடை குறைகிறது. இப்படித் தாதுவைத் திரும்ப உலோகமாக்குவதற்கு, ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளில் பெயர் வந்தது, நாம் ஒடுக்கம் என்கிறோம். இன்றைய பொருளில் குறைவது ஆக்சிஜனேற்ற எண்: எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை, அதை வாங்கினால் +2 என்பது 0 ஆகிறது. இலங்கைப் பாடநூல்களில் இதைத் தாழ்த்தல் என்கிறார்கள். எண் தாழ்வதைக் கண்முன் காட்டும் அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து நடப்பதற்கு அவர்கள் தாழ்த்தேற்றம் என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள்.

தேர்வுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு தனிமம் தனியாக நின்று சேர்மத்துக்குள் போனாலோ, சேர்மத்திலிருந்து தனியாக வெளியே வந்தாலோ அங்கே எலக்ட்ரான் கைமாறியிருக்கும். இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லிவிட வேண்டாம். பெர்மாங்கனேட்டும் இரும்பு உப்பும் வினைபுரியும்போது தனித் தனிமம் எதுவும் இல்லை, ஆனாலும் எலக்ட்ரான் கைமாறுகிறது. அது பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் அவளுக்கு வரும்.

முடிந்தால் மகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள். உரக்கடையில் மயில்துத்தம் கிடைக்கும். ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணியைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். ஆணி செம்பு நிறமாகும், நீலம் வெளிறும். அந்த நீலம் எங்கே போனது என்று அவளையே கேளுங்கள். மயில்துத்தம் விஷம், அதனால் அந்த டம்ளரைத் திரும்பச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.