தெருமுனையிலிருந்து கால்வாய்க் கரைக்கு வழி

கேள்வி: வடசென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. தெரு முடியும் இடத்தில் கட்டட இடிபாடுகளும் கம்பிவேலியும் கரையை அடைத்து நிற்கின்றன. பிள்ளைகள் நடக்கவும் பெரியவர்கள் உட்காரவும் அங்கே இடம் உண்டாக்க எங்கள் இளைஞர் மன்றம் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: குப்பை அள்ளுவதில் தொடங்காமல், நிலம் யாருடையது என்று அறிவதில் தொடங்குங்கள். இடிபாடுகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அகற்றிவிடலாம். ஆனால் அந்த இடம் எந்தத் துறையின் பதிவேட்டில் உள்ளது என்று தெரியாதவரை, மறுவாரமே லாரி வந்து கொட்டும்போது யாரிடம் முறையிடுவது என்றுகூடத் தெரியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் கேளுங்கள். அலுவலகத்தார் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் அவர்கள் பதிலளிக்க வேண்டும். கால்வாய்க் கரை பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தெருவோ மாநகராட்சியுடையது, அதன் கடைசி அடி வரை பொதுவழி. உங்கள் பிடி அந்தத் தெருமுனைதான்.

நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸில் நடந்ததும் இதுவே. ஏழைகளும் தொழிற்கூடங்களும் நெருக்கியடித்த ஹண்ட்ஸ் பாயிண்ட் பகுதியில், தம் நாய் இழுத்த இழுப்பில் ஒரு குப்பைமேட்டுக்குள் நுழைந்த சமூகச் செயல்பாட்டாளர் மஜோரா கார்ட்டர், அதன் மறுபுறம் பிராங்ஸ் ஆறு ஓடுவதைக் கண்டார். அதுவும் கைவிடப்பட்ட ஒரு தெருமுனையே. 10,000 டாலர் தொடக்க நிதியோடு தொடங்கிய முயற்சி, பிறகு 30 லட்சம் டாலர் மதிப்புள்ள பூங்காவாயிற்று. அதே ஆற்றங்கரையில் 1987இல் மூடப்பட்ட சிமென்ட் கலவை ஆலை ஏலத்துக்குப் போகவிருந்தபோது, அப்பகுதி இளைஞர் அமைப்பொன்று மற்றவர்களோடு சேர்ந்து போராடி அந்நிலத்தைப் பூங்காத் துறைக்கு மாற்றச் செய்தது. பூங்கா திறந்தது 2009இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இளைஞர் அமைப்பு கலையாமல் இருந்ததே அவர்களின் பெரிய சாதனை என்பேன். உங்களுக்கும் அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்.

பூங்கா கேட்பதற்கு முன் ஒரு நடைவழி, நிழல் தரும் இரண்டு மரங்கள், ஒரு விளக்கு என்று சிறிதாகக் கேளுங்கள்; எந்த இடத்தில், எந்த நேரத்தில் வர அஞ்சுகிறார்கள் என்பதைப் பெண்களிடம் கேட்டே விளக்கின் இடத்தை முடிவு செய்யுங்கள். கழிவுநீர் கலக்கும் கால்வாய் என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். பழைய தொழிற்சாலை நிலமாக இருந்தால் மண்ணைப் பரிசோதித்த பின்பே விளையாட விடுங்கள். பிராங்ஸில் ஸ்டார்லைட் பூங்காவின் வேலை, பழைய எரிவாயு ஆலையின் நச்சு அங்கே மண்ணில் படிந்து கிடந்ததாலேயே தாமதப்பட்டது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. சென்னையில் ஆற்றைச் சீரமைப்பது என்றாலே கரையில் வாழ்பவர்களை அகற்றுவது என்ற பொருள் ஏறிவிட்டது. கூவம் கரைக் குடும்பங்கள் பல தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டதை நீங்களும் அறிவீர்கள். ஆகவே உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே, இந்த வழி இங்கே குடியிருப்பவர்களுக்காகவே கேட்கப்படுகிறது, இதன்பொருட்டு ஒரு வீடும் அகற்றப்படக் கூடாது என்று எழுதுங்கள். கரையை ஒட்டிய வீடுகளில் வாழ்வோரின் கையொப்பங்கள் முதலில் இருக்கட்டும். அவர்கள் சம்மதிக்காத வரைபடத்தைப் பகுதி சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.