மைப்பேனைக்கு ஏற்ற கொப்பியைத் திருகோணமலையில் எப்படித் தெரிவு செய்வது?

"திருகோணமலையில் வசிக்கிறேன். மைப்பேனையால் எழுதத் தொடங்கியபின், கடையில் வாங்கும் கொப்பி எதுவானாலும் மை ஊறிப் பின்பக்கம் வந்துவிடுகிறது. 100 ஜி.எஸ்.எம். தாள் உள்ள கொப்பியைத் தேடிப் பிடித்தால் போதுமா? அடுத்த மாதம் பாரிசிலிருந்து சித்தப்பா வருகிறார்; அவரிடம் என்ன வாங்கிவரச் சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே முதற் கேள்விக்கான பதில். ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான், கடையில் நின்று ஒற்றைகளைப் புரட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்கு விளங்கும். நான் இந்த ஊரிலேயே ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவன். பகல் முழுவதும் மைப்பேனை கையில் இருப்பதால் இந்த விடயத்தில் எனக்குச் சில தீர்மானமான கருத்துகள் உண்டு.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீற்றர் தாளின் நிறையைக் கிராமில் சொல்வது. ஏ4 தாள் ஒரு சதுர மீற்றரில் 16இல் ஒரு பங்கு. ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. அந்த எண்ணிலிருந்து நிறையை அறியலாம், ஓரளவுக்குத் தடிப்பை ஊகிக்கலாம். மை பட்டால் அந்தத் தாள் என்ன செய்யும் என்பதை அறிய முடியாது. போட்டோக்கொப்பி எடுக்கும் 80 ஜி.எஸ்.எம். தாளில் மைப்பேனையால் எழுதினால் எழுத்தின் விளிம்பில் சிறு வேர்கள் விடுவதைப் பெரும்பாலும் காணலாம். மாறாக, தட்டச்சுக் காலத்தில் கார்பன் படி எடுக்கப் பாவித்த பேங்க் தாள் 60 ஜி.எஸ்.எம்.மிலும் குறைந்தது, கையில் எடுத்தால் சலசலக்கும், மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும், ஆனால் மை கோட்டை விட்டு நகராது. மைப்பேனைப் பிரியர்கள் உலகெங்கும் தேடி வாங்கும் ஜப்பானியத் தாளாகிய டொமோ ரிவரின் புகழ்பெற்ற வகை வெறும் 52 ஜி.எஸ்.எம். தான். தடித்த தாள் நல்ல தாள் என்ற எண்ணத்தை விட்டுவிடுவதற்கு இந்த ஓர் உதாரணமே போதும் என்று நினைக்கிறேன்.

மையைத் தடுத்து நிறுத்துவது தாளின் பசை. காகிதம் அடிப்படையில் தாவர நார்களின் பின்னல். நார்களும் அவற்றின் இடைவெளிகளும் நீரை உறிஞ்சும். ஆலையில் இந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்துவதற்காகக் கூழிலேயே ஒரு பசைப்பொருளைக் கலப்பார்கள். முற்காலத்தில் குங்கிலியமும் படிகாரமும் கலந்தார்கள், இப்போது வேறு இரசாயனங்கள். பின்னர் தாள் உருவாகி வரும்போது மேற்பரப்பில் மாப்பசையைப் பூசுவார்கள். வேட்டிக்குக் கஞ்சி போட்டால் அது எப்படி விறைத்து நிற்குமோ அப்படியே தாளின் முகமும் இறுகிவிடும். இந்த இரண்டும் போதிய அளவில் இருந்தால், மை மேலேயே தங்கி, நீர் ஆவியாகி, நிறம் மட்டும் படியும். குறைந்தால், மை நார் வழியே பக்கவாட்டில் ஓடும், அதுதான் ஊறல். கீழ்நோக்கி இறங்கினால் பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெளிவரும். இவை இரண்டும் தாளின் குற்றங்கள். மறுபக்கத்தில் எழுத்தின் நிழல் மட்டும் தெரிவது வேறு விடயம். அது தாள் மெல்லியது என்பதைத்தான் காட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வழவழப்பான ஆர்ட் பேப்பரை மட்டும் நல்ல தாள் என்று மயங்கி வாங்கிவிடாதீர்கள். அதில் மை ஊறாது, ஆனால் காய்வதற்கு வெகுநேரம் எடுக்கும், கை பட்டால் இழுபட்டுவிடும்.

கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ பசையின் அளவை அறிய முடியாது. எழுதிப் பார்ப்பதே ஒரே வழி, அதுவும் உங்கள் சொந்தப் பேனையால், அதில் உள்ள மையால். நான் கடைக்குப் போனால் ஒரு கொப்பிக்கு உரிய பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, மேசையோரமாக நின்று கடைசி ஒற்றையில் எழுதிப் பார்ப்பேன். பணம் கொடுத்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. திருக்கோணேச்சரம் என்று எழுதுவேன். அதில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன, ணகரத்தின் சுழிகள் இருக்கின்றன. நல்ல தாளில் புள்ளி புள்ளியாகவே நிற்கும். மட்டமான தாளில் அது கடுகளவுக்குப் பருத்துக் கீழுள்ள எழுத்தைத் தொடப் பார்க்கும். அடுத்து ஞ, ஐ, இ ஆகியவற்றைச் சிறியதாக எழுதி, உள்ளே உள்ள வெள்ளை அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நிப்பை ஓரிடத்தில் மூன்று விநாடி ஊன்றி எடுத்து, அதன் பக்கத்தில் நான்கைந்து கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒற்றையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்; மை இறங்குவதாக இருந்தால் முதலில் அந்த இரண்டு இடங்களில்தான் இறங்கும். தாளின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆலையில் கூழ் கம்பிவலையின் மீது படிந்து வடிவதால், வலையைத் தொட்ட பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சொரசொரப்பாக இருப்பதுண்டு. ஆகவே மறுபக்கத்திலும் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

தாளைக் குறை சொல்வதற்கு முன் பேனையையும் மையையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள் என்பேன், ஏனெனில் அங்கே செய்யும் சிறு மாற்றத்துக்குச் செலவு குறைவு. தடித்த நிப் அதிக மையை இறக்கும். மீடியம் நிப்பால் ஊறும் கொப்பியில் ஃபைன் நிப்பால் ஒழுங்காக எழுத முடிவதுண்டு. ஜப்பானியப் பேனைகளின் ஃபைன், ஐரோப்பியப் பேனைகளின் ஃபைனைவிட மெல்லியது என்பதையும் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைகளிலும் தாராளமாக ஓடுவன உண்டு, அடக்கமாக ஓடுவன உண்டு. பெலிக்கன் 4001 இரண்டாம் வகை. இரும்புச் சத்தும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பும் சேர்ந்த பழைய வகை நீலக்கறுப்பு மை, மட்டமான தாளிலும் ஓரளவு கட்டுப்பாடாக நிற்கும். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, நீர் பட்டாலும் அழியாமல் நிலைப்பதால் பதிவேடுகளுக்கு விரும்பப்பட்டது. அதைப் பேனைக்குள் காயவிட்டால் உருக்கு நிப்பை அரிக்கும் என்பதால் அடிக்கடி கழுவ வேண்டும். படம் வரையும் இந்தியன் இங்கை மைப்பேனையில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள அரக்கு உள்ளே இறுகி அடைத்துவிடும்.

இனி இங்கே கிடைப்பவற்றுக்கு வருகிறேன். நாளாந்தப் பாவனைக்கு நான் நம்புவது மட்டை கட்டிய சீ.ஆர். கொப்பியைத்தான். எல்லாச் சீ.ஆர். கொப்பிகளும் நல்லவை என்பதில்லை, ஒரே பெயரில் வரும் கொப்பிகூட எப்போதும் ஒரே தாளில் வருவதில்லை. கிழக்கில் நமக்கென்று வாழைச்சேனையில் 1956இல் தொடங்கிய காகித ஆலை இருந்தும், இலங்கையில் அச்சாகும் கொப்பிகளின் தாள் பெரும்பாலும் இறக்குமதியாகவே வருகிறது; எந்த நாட்டுத் தாள், எந்த விலையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையில் மாற்றம் வந்துவிடும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே போன வருடம் நன்றாக இருந்தது என்ற நம்பிக்கையில் அடுத்த கொப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். என் வழக்கம் இதுதான்: ஒன்றை வாங்கி எழுதிப் பார்த்து, திருப்தி என்றால் அதே கட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு வேண்டியதை அன்றே எடுத்துவிடுவது. மட்டையில் வுட்ஃப்ரீ என்று போட்டிருந்தால், மரத்தை அப்படியே அரைத்த கூழ் அதில் இல்லை, பத்திரிகைத் தாள் போல விரைவில் மஞ்சளிக்காது என்று பொருள். அது நல்ல அறிகுறிதான், ஆனால் மை ஊறாது என்பதற்கான உறுதி ஆகாது. உல்லாசப் பயணிகளுக்காக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விற்கும் கைத்தாள் கொப்பிகள் பார்வைக்கு அழகு. எழுதப் போனால் நிப்பின் பிளவில் நார் சிக்கிக் கோடு தடித்துவிடும். அவற்றைப் பரிசாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் ஊரின் காலநிலையை வெளிநாட்டுப் பேனைப் பிரியர்களின் ஆலோசனைகள் கணக்கில் எடுப்பதில்லை. தாள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். மாரி தொடங்கி வாடைக்காற்று அடிக்கும் நாட்களில், சன்னலோரம் திறந்து கிடந்த கொப்பி தொய்ந்துபோய், முன்பு ஊறாத இடத்திலும் ஊறும். நல்ல பசையுள்ள தாளில் மை காய்வதற்கோ வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். அந்த மாதங்களில் கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பதும், எழுதி முடித்த பக்கத்தில் ஒற்றுத்தாளை வைத்து மூடுவதும் பலன் தரும். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் நிலைமை நேர்மாறு. மை நிப்பிலேயே காய்ந்து முதல் எழுத்து விழாது, கையில் வழியும் வியர்வையும் எண்ணெயும் பக்கத்தின் கீழ்ப்பாதியில் படிந்து, அங்கே போகும்போது பேனை விட்டுவிட்டு எழுதும். இதைப் பேனையின் பழுது என்று எண்ணிப் பலர் நிப்பை நோண்டிக் கெடுத்துவிடுகிறார்கள். கையின் கீழ் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் போதுமானது.

கோட்டின் இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. தமிழில் எழுதுபவருக்கு இது முக்கியமானது. கி, கீ ஆகியவற்றின் மேல்விலங்கும் மெய்யின் புள்ளியும் மேலே ஏற, கு, ழு, ஞூ போன்றவை கீழே இறங்க, மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். 6 மில்லிமீற்றர் இடைவெளியில் ஆங்கிலம் அழகாக அமர்ந்தாலும் தமிழ் நெரிபடும். 8 மில்லிமீற்றர் எனக்குச் சரியாக இருக்கிறது, மிகச் சிறிய கையெழுத்து உடையவர் 7இல் எழுதலாம். கொப்பியைக் கட்டியிருக்கும் முறையைப் பொறுத்தவரை நூலால் தைத்ததையே வாங்குங்கள். கொப்பியின் நடுவில் விரித்துப் பார்த்தால் நூல் தெரியும், மேசையில் தட்டையாகவும் கிடக்கும். முதுகில் பசை மட்டும் தடவியது கொஞ்ச நாளில் ஒற்றை ஒற்றையாகக் கழன்று வரக்கூடும்.

சித்தப்பா பாரிசிலிருந்து வருகிறார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். டொமோ ரிவர் தாளைக் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதன் உற்பத்தி அதைச் செய்துவந்த ஆலையிலிருந்து சன்சென் என்ற வேறு ஜப்பானிய நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது, விலையும் அதிகம், மை காய எடுக்கும் நேரம் நமது மாரிக்கு ஒத்துவராது. பிரான்சிலேயே செய்யும் கிளேர்ஃபொன்தேன் கொப்பியைக் கேளுங்கள். 1858இல் தொடங்கிய ஆலை அது. தன் தாளைத் தானே செய்கிறது, 90 ஜி.எஸ்.எம்., பசை மிகச் சிறப்பு. நம்மவர்கள் பெருமையாகப் பேசும் ரோடியா என்ற கொப்பி வகையும் 1997 முதல் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். இங்கே அபூர்வப் பொருளாகத் தெரியும் இந்தக் கொப்பி அங்கே பள்ளிப் பிள்ளைகள் பாவிப்பது, சுப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பயணப் பெட்டியில் கிலோ கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: 96 ஒற்றை கொண்ட ஏ5 கொப்பி, மட்டை நீங்கலாக ஏறக்குறைய 270 கிராம், மூன்று கேட்டால் ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

ஒரு விடயத்தில் மட்டும் அவரை எச்சரித்துவிடுங்கள். அங்குள்ள பள்ளிக் கொப்பிகளில் செயெஸ் என்ற கோட்டுமுறையே அதிகம். 8 மில்லிமீற்றருக்கு ஒரு தடித்த கோடு, அவற்றுக்கு இடையில் 2 மில்லிமீற்றருக்கு ஒரு மெல்லிய கோடு, நெடுக்காகவும் கோடுகள் என்று பக்கம் முழுவதும் வலை போட்டது போல இருக்கும். பிரெஞ்சுப் பிள்ளைகளின் கூட்டெழுத்துக்காக வகுத்த அந்தக் கோடுகளுக்குள் நம் எழுத்தின் புள்ளிகள் காணாமல் போய்விடும். கிடைக்கோடு மட்டும் உள்ளதோ கோடே இல்லாததோ வேண்டும் என்று சொல்லி, பணம் கொடுப்பதற்கு முன் உள்பக்கம் ஒன்றைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.