குய் மொழியில் முதல் வகுப்பு

கேள்வி: சிறுபான்மை மொழி பேசும் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் நடத்தினால், மாநில மொழியில் பின்தங்கிவிட மாட்டார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒடிசாவின் அனுபவம் அந்த அச்சத்துக்கு ஓரளவு விடை தருகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதலே கூறிவந்தாலும், அம்மாநிலத்தின் கந்தமால் மாவட்ட மலைக் கிராமத்தில் குய் என்னும் பழங்குடி மொழி பேசி வளர்ந்த குழந்தை, பள்ளியில் நுழைந்த அன்று கேட்டது வீட்டில் ஒலிக்காத ஒடியாவைத்தான். 2006-07இல் அம்மாநில அரசு சந்தாலி, சவரா, குய், குவி, கோயா உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் பாடம் தொடங்கியது. (குய், குவி, கோயா மூன்றும் திராவிட மொழிகள்; குய் மொழியில் கண்ணைக் ‘கனு’ என்பார்கள்!) எழுத்தும் எண்ணும் முதலில் தாய்மொழியில் அறிமுகமாகின்றன, ஒடியா பேச்சு வழியாக நுழைந்து, வகுப்பு உயர உயரத் தன் பங்கைக் கூட்டிக்கொள்கிறது. குய் பாடநூல் ஒடியா எழுத்திலேயே அச்சாவதால், குழந்தை கற்ற எழுத்து பிற்பாடு ஒடியா வாசிக்கவும் உதவுகிறது.

சந்தாலியின் நிலை வேறு. 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்து அதற்கு இருக்கிறது. 2003ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம், அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையிலும் இடம்பெற்றது. ஆயினும் அம்மொழியினர் பல மாநிலங்களில் சிதறி வாழ்வதால், வங்காள, தேவநாகரி, ஒடியா, ரோமன் எழுத்துகளிலும் அது எழுதப்பட்டு வந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், உண்மையான இடையூறு மாநில மொழி அன்று, ஆசிரியர் பற்றாக்குறையே. நூல் அச்சிட ஓராண்டு போதும். அம்மொழி பேசும் ஆசிரியர் உருவாவதற்கு, முதலில் அச்சமூகத்துப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தாக வேண்டும்.